சோர்ஸ்: மூலமா, சான்றா?

இதழியல் படிக்க வருகிற வன்னிப் பிள்ளைகளிடம் ஒரு செய்தியைக் கொடுத்து, "இதுக்கு சோர்ஸ் என்ன?" என்று கேட்டால் உடனே பதில் வரும்: முகநூல், யூடியூப், வட்ஸ்அப் குழு. கேள்வி விளங்காமல் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. சோர்ஸ் என்றால் செய்தி தங்கள் கைக்கு வந்த வழி என்றுதான் அவர்களுக்குப் பழக்கம். தேடி ஆராய்ந்து எழுதக் கற்பிக்கிற எவரும் முதலில் இந்த இடத்தில்தான் நின்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு அந்தச் சொல்லையும், நாம் அதற்குத் தமிழில் வைத்திருக்கும் சொற்களையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

சோர்ஸ் ஆங்கிலத்துக்கு 14ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதன் வேர் ‘எழு’ என்று பொருள்படும் சுர்கெரே என்ற லத்தீன் வினை. நிலத்திலிருந்து எழுந்து வரும் நீரைக் குறித்தது, ஆறு தொடங்கும் இடத்தைக் குறித்தது, பிறகு ஒரு செய்தியோ கருத்தோ தொடங்கும் இடத்துக்கும் ஆளுக்கும் ஆவணத்துக்கும் ஆகிவந்தது. நேர்த் தமிழ் தேடினால் ஊற்று. இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் வழியாக வயலுக்குத் தண்ணீர் வருகிறது. வாய்க்காலை ஊற்று என்று எந்தக் கமக்காரரும் சொல்லமாட்டார். முகநூலைச் சோர்ஸ் என்று சொல்லும்போது நாம் வாய்க்காலுக்கு ஊற்றின் பெயரை வைத்துவிடுகிறோம்.

நம் பத்திரிகைகளும் பாடநூல்களும் சோர்ஸுக்கு வழங்கும் சொல் ‘மூலம்’. வடமொழியில் மூல என்றால் வேர். மூலிகை, மூலதனம், மூலப்பொருள், மூலஸ்தானம் எல்லாவற்றிலும் அந்த வேர், தொடக்கம் என்ற பொருள் இருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் தமிழில் அது இன்னொரு வேலைக்கும் போய்விட்டது. தபால் மூலம், வங்கி மூலம், வானொலி மூலம் என்று எழுதும்போது மூலம் என்பது ‘வழியாக’ என்ற உருபு. ஒரே சொல் தொடங்கிய இடத்தையும் குறிக்கிறது, கடந்து வந்த பாதையையும் குறிக்கிறது. "பிரதேச செயலாளர் மூலம் தெரியவந்தது" என்று ஒரு மாணவி எழுதினால், செயலாளரே தன் அலுவலகப் பதிவைப் பார்த்துச் சொன்னாரா, கிராம அலுவலர் சொன்னதை எடுத்துச் சொன்னாரா என்று வாக்கியத்தை எத்தனை தரம் வாசித்தாலும் தெரியாது. எழுதிய மாணவிக்கும் தெரியாமல் இருக்கலாம். அதுதான் எனக்குக் கவலை. மங்கலான சொல் கையில் இருக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி தோன்றாமலே போய்விடுகிறது.

‘ஆதாரம்’ இதைவிடப் பரவாயில்லை. தாங்கி நிற்பது என்று பொருள். "ஆதாரம் இருக்கா?" என்று சந்தையில்கூடக் கேட்கிறோம். ஒரு கூற்றைத் தாங்கும் பொருளுக்கு அது பொருந்தும், பேசிய மனிதருக்குப் பொருந்தாது. ‘வட்டாரம்’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன" என்பது ஆங்கிலப் பத்திரிகை நடையைப் பார்த்து வார்த்தது. முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் வட்டாரம் என்றால் முகவரியில் எழுதுகிற இடம். செய்தியில் வரும் வட்டாரத்துக்கு முகவரி இல்லை. பயிற்சிக் கட்டுரைகளில் இந்தச் சொல்லைக் கண்டால் நான் அடித்துவிடுவேன்.

என் தெரிவு ‘சான்று’. சால் என்ற வினையிலிருந்து வந்தது. சால்தல் என்றால் நிறைதல், பொருந்துதல், போதுமானதாதல். சான்றோர் என்பதும் அதே குடும்பம். ஒரு கூற்றை நிறுவப் போதுமானது எதுவோ அதுவே சான்று. வெறுமனே எங்கிருந்து வந்தது என்று கேட்காமல், வந்தது போதுமா என்றும் இந்தச் சொல் கேட்கிறது. ஆங்கிலச் சொல்லில் அந்த இரண்டாவது கேள்வி இல்லை. இதற்கு முந்திய பழஞ்சொல் ஒன்றும் உண்டு: கரி, சாட்சி என்ற பொருளில். "இந்திரனே சாலுங் கரி" என்று குறளில் வருவது இந்தக் கரிதான். சாலும், கரி இரண்டும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. குறுந்தொகையில் "அறிகரி பொய்த்தல் ஆன்றோர்க்கு இல்லை" என்று ஓர் அடி. அறிகரி என்றால் தான் நேரே அறிந்ததற்குச் சொல்லும் சாட்சி. கேட்டதைச் சொல்வதும் அறிந்ததைச் சொல்வதும் வேறு என்று அந்தச் சொல்லே பிரித்துக் காட்டுகிறது.

சான்றை வகைப்படுத்தக் கற்பிக்கப் பெரியபுராணத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. கோயிலில் புராணம் படிக்கக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதை தெரிந்திருக்கும். சுந்தரரின் கலியாணப் பந்தலுக்கு வந்த முதியவர், "நீ எனக்கு அடிமை" என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டும் என்று சபையோர் கேட்கிறார்கள். ஆட்சி என்றால் வழிவழியாக நடந்துவரும் அனுபோகம். ஆவணம் எழுத்து. காட்சி என்றால் கண்டவர் சாட்சி, அதுவும் ‘அயலார்’ சாட்சி. இரு தரப்பையும் சேராதவர். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். மூல ஓலையைப் பார்த்த பிறகும் சபை நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொண்டுவரச் செய்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. படி வேறு, மூலம் வேறு. மூலமேயானாலும் இன்னொன்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டுக் காப்பியம் இது. ‘மூலம்’ இந்தக் கதையில் எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்பதையும் கவனிக்கலாம்.

இந்த மூன்றும் வன்னியில் கதையோடு நின்றுவிடவில்லை. இங்கே பெரும்பகுதிக் குடியிருப்புக் காணிகளும் வயல்களும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தவை. 2009 வரையான போரில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்களில் எத்தனையோ பேரிடம் அந்தத் தாள் இப்போது இல்லை. அப்படியான ஒரு காணிப் பிணக்கை எழுதப்போகும் மாணவர், "ஆவணம் இல்லை" என்று முடித்துக்கொண்டால் அது பாதி வேலை. பிரதேச செயலகத்தில் காணிப் பேரேடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும், அது ஆவணம். கட்டிய கிணறு, வைத்த தென்னை, பழைய வேலி, வாக்காளர் இடாப்பில் இருக்கும் முகவரி இவை ஆட்சி. பக்கத்துக் காணிக்காரரும் ஊர் நிர்வாகம் பார்த்த பழைய விதானையாரும் காட்சி, ஆனால் அவர்கள் உண்மையில் அயலார்தானா என்று பார்க்க வேண்டும். எல்லைத் தகராறு உள்ள பக்கத்துக் காணிக்காரர் அயலார் ஆகமாட்டார்.

இனி, நேர்ச் சான்றையும் எடுத்தாண்ட சான்றையும் பிரிப்பது. பாடநூல்களில் முதல்நிலை, இரண்டாம்நிலை என்று இருக்கிறது. எனக்கு அது பள்ளிப் பரீட்சைத் தரம்போல ஒலிக்கிறது. நம் இலக்கண மரபில் இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. நூல்களை முதல்நூல், வழிநூல் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. தொகுத்தல், விரித்தல், இரண்டும் கலத்தல், மொழிபெயர்த்தல் நான்கும் வழிநூலின் வகைகள். நன்னூல் மூன்றாவதாகச் சார்புநூலைச் சேர்க்கிறது: முன்னவற்றோடு கொஞ்சம் ஒத்து, கொஞ்சம் திரிந்து போவது. இதை அப்படியே சான்றுக்கு வைத்தால் முதற்சான்று, வழிச்சான்று, சார்புச்சான்று. நாம் அன்றாடம் தமிழில் போடும் செய்திகளில் பெருந்தொகை மொழிபெயர்ப்பும் சுருக்கமும். தொல்காப்பியக் கணக்கில் அத்தனையும் வழி. ஆங்கில அறிக்கையின் தமிழாக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு அறிக்கையை வாசித்தேன் என்று எழுதக்கூடாது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் உள்ள நினைவுக்கல்லை வைத்து இதைப் பழகலாம். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், இவ்விடத்துக்கு அண்மையில், என்பது கல்லின் வாசகம். ட்ரிபேர்க் பிரித்தானியப் படை அதிகாரி, பண்டாரவன்னியன் அவர்களை எதிர்த்த வன்னித் தலைவன். பண்டாரவன்னியன் அன்றே அங்கே கொல்லப்பட்டான் என்று மேடைகளில் சொல்வதைக் கேட்டிருப்போம். கல் அப்படிச் சொல்லவில்லை. தோற்கடித்தார் என்றுதான் சொல்கிறது. கல்லில் அப்படிச் சொல்கிறவர்கள் வென்ற தரப்பு. பிள்ளைகளைக் கல்லின் முன்னால் நிறுத்தி, அதில் இருப்பதை மட்டும் எழுது என்றால், கேள்விப்பட்டதும் கண்டதும் அவர்கள் குறிப்பேட்டிலேயே பிரிந்துவிடும். அடுத்து ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூலுக்குப் போகலாம். 1803 போரைப் பற்றிக் கேட்டால் அது வழிச்சான்று, தொண்ணூறு வருடம் பிந்தியது. லூயிஸ் காலத்து வன்னிக் கிராமங்களை ஒரு காலனித்துவ அதிகாரி எப்படிப் பார்த்தார் என்று கேட்டால் அதே புத்தகம் முதற்சான்று. முதல், வழி என்பது ஆவணத்தில் ஒட்டிய முத்திரையாக இருப்பதில்லை. நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்து மாறும். மாணவர்களுக்கு இது விளங்க நேரம் எடுக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும்.

2018 டிசம்பர் வெள்ளத்தையும் எடுக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டமும் மூழ்கின, இரணைமடுவின் வான்கதவுகள் திறந்த விதம் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. யார் சரி என்ற தீர்ப்புக்கு மாணவர் அவசரப்படத் தேவையில்லை. மழைவீழ்ச்சிப் பதிவு யாரிடம், குளத்து நீர்மட்டப் பதிவு யாரிடம், அன்று இரவு கதவடியில் நின்றவர் யார், கீழே வீட்டுக்குள் தண்ணீர் வந்த நேரம் யாருக்கு நினைவிருக்கிறது என்று எழுதிக்கொண்டால் போதும். பதிவுகளைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் தன் முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அரச அலுவலகத்தின் முதற்சான்றைக் கையில் எடுக்க ஒரு மாணவருக்கு இருக்கும் நேர்வழி இது. பயிற்சிக் காலத்திலேயே ஒரு விண்ணப்பமாவது எழுதிப் பார்க்காமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

மனிதரைச் சோர்ஸ் என்று சொல்வதற்குத் தமிழில் என்ன வைப்பது? தகவலாளர், தகவலாளி என்று சிலர் எழுதுகிறார்கள். வேறு ஊர்களில் அது சாதாரணச் சொல்லாக இருக்கலாம். வன்னியில் இருக்காது. ‘தகவல் கொடுத்தவர்’ என்ற பெயரால் ஆட்கள் பட்ட பாடு இங்கே எல்லாருக்கும் தெரியும். முகத்தை மறைத்து நின்று, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுப்பவரைக் குறித்த தலையாட்டி என்ற சொல்லை எந்தப் பக்கமும் மறந்துவிடவில்லை. அணைக்கட்டருகே வெள்ளம் பார்த்த ஒரு அம்மாவிடம் போய், "நீங்கள்தான் எங்கட தகவலாளர்" என்று சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார், அது சரியும்கூட. ‘சான்றாளர்’ என்று சொல்லிப் பாருங்கள். சான்றோர் என்ற சொல்லின் நிழல் அதில் விழுகிறது. கண்டதைச் சொல்கிறவருக்கு உரிய மரியாதையும் வந்துவிடுகிறது. பெயரைப் போடலாமா, ஊரை மட்டும் போடலாமா, ஒன்றுமே போடக்கூடாதா என்று அவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி நடப்பதும் ஆராய்ச்சித் திறனில் சேர்ந்ததுதான்.

சரி, வழக்கில் எப்படிக் கையாள்வது? ஆவணத்துக்கும் பொருளுக்கும் சான்று, ஆளுக்குச் சான்றாளர். தேவையான இடத்தில் முதல், வழி, சார்பு என்ற அடை. ‘மூலம்’ மொழிபெயர்ப்புக்கும் படிக்கும் எதிரான மூலப் பிரதியைக் குறிக்க மட்டும் இருக்கட்டும். உருபாக வருமிடத்தில் ‘வழியாக’, ‘ஊடாக’ என்று எழுதினால் குழப்பம் தீரும். "முகநூல் ஊடாகக் கண்டேன், முதற்சான்று கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல், அறிவித்தலை நேரில் வாசித்தேன்" என்று ஒரு மாணவர் தன் குறிப்பேட்டில் எழுதினால், செய்தி எந்த வழியாக வந்தது, எங்கே தொடங்கியது, எழுதுகிறவர் எதுவரை போய்ப் பார்த்தார் என்ற மூன்றும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.