லேமினேட்: தகடா, அடுக்கா?

கோலாலம்பூரில் ‘லேமினேட்’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. சான்றிதழை நெகிழித் தாளுக்குள் பொதிவதும் லேமினேட்; காண்டோ (அடுக்குமாடி வீட்டு) வரவேற்பறையில் மரம்போலக் கிடக்கும் தரையும் லேமினேட். முன்னது பொதிவு, பின்னது அடுக்கு.

மூலம் ‘லாமினா’ என்ற லத்தீன் சொல். மெல்லிய தகடு என்று பொருள். ஆனால் ‘தகட்டுத் தரை’ என்றால் நம் காதில் செம்பும் தகரமும்தான் ஒலிக்கும். பலகையின் குறுக்குவெட்டைப் பாருங்கள்: மேலே தேய்மானம் தாங்கும் மெலமைன் பிசின் படலம், அதன்கீழ் மர வரி அச்சிட்ட தாள், நடுவே இறுக்கி அழுத்திய மரநார், அடியில் வளையாமல் காக்கும் இன்னொரு தாள். எனவே ‘மென்னடுக்குப் பலகை’ பொருந்தும். ‘ஒட்டுப்பலகை’ ப்ளைவுட்டுக்கு எப்போதோ போய்விட்டது.

இந்தப் பலகைகளைப் பதிக்கும் முறைக்கு ‘ஃப்ளோட்டிங்’ என்று பெயர்; அப்படிப் போட்ட தரையை ‘மிதவைத் தரை’ என்போம். (சங்கப் பாட்டில் மிதவை என்றால் கூழ், அது வேறு கதை.) ‘மிதப்புத் தரை’ வேண்டாம், செருக்குப் பிடித்த தரை என்றாகிவிடும். இந்தச் சொல்லுக்குள்ளேயே வேலையின் விதி இருக்கிறது: பலகைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும்; கீழே சிமெண்டோடும் ஒட்டாது, பக்கத்தில் சுவரோடும் ஒட்டாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மரநார் ஈரம் குடித்து விரியும். அதற்காகச் சுவரோரம், கதவுநிலை, குழாய் எல்லாவற்றையும் சுற்றி 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடியில் ஓடும் பட்டை, அதை மறைக்கும். ஆனால் ஸ்கர்ட்டிங்கின் ஆணி சுவரில்தான் இறங்க வேண்டும். தரையில் அடித்தால் மிதவை நங்கூரமாகிவிடும். பலகைமேல் சமையலறை அலமாரியைத் திருகிப் பொருத்துவதும் அதே தப்புதான்.

பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல் 48 மணி நேரம் அதே அறையில் படுக்கவையுங்கள். கீழுள்ள சிமெண்டுத் தரையில் 2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் முதலில் சமன் செய்ய வேண்டும். இல்லையேல் நடக்கும்போது பூட்டு கிறீச்சிட்டு உடையும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் கீழ்த்தளத்தில், பலகைக்குக் கீழே போடும் நுரை விரிப்புக்கும் அடியில் 0.2 மில்லிமீட்டர் பாலித்தீன் தாளை, ஓரங்கள் 20 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து நாடா ஒட்டுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் முனை மூட்டுகள் 30 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். கழிவுக்காக 10 விழுக்காடு கூடுதலாக வாங்குங்கள்.

நீர் சொட்டச் சொட்ட ‘மாப்’பால் துடைத்து மூட்டு ஊறிவிட்டால் அந்தப் பலகை பழைய நிலைக்குத் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும். நடுவில் மட்டும் கூடாரம்போல எழும்பினால், பெரும்பாலும் ஏதோ ஒரு சுவரில் முட்டுகிறது என்று பொருள்: அந்தப் பக்க ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி விளிம்பை அறுத்துவிட்டால் தானே படியும்.