கீபோர்டின் மெமரி புரொடெக்ட் யாரைத் தடுக்கிறது?

பல வருடம் வாசித்தவரின் இசைக் கீபோர்டுக்குள் அவருடைய உழைப்பு கணிசமாகச் சேர்ந்திருக்கும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திருத்திய டோன்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகப் போட்டு வைத்த ரிஜிஸ்ட்ரேஷன் (டோன், ரிதம் போன்ற அமைப்புகளின் தொகுப்பு), சொந்தமாக உருவாக்கிய ரிதம், இன்னும் யாருக்கும் வாசித்துக் காட்டாத மெட்டுகள். ஒலிப்பதிவுகளை விட்டுவிட்டால் இவ்வளவும் பெரும்பாலும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கீபோர்டுப் பக்கம் நீங்கள் இல்லாத இரண்டு நிமிடத்தில் ஒருவர் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். அல்லது எடுக்காமல், உள்ளே எதையாவது மாற்றிவிட்டுப் போகலாம்.

இதைத் தடுக்கத்தானே ‘மெமரி புரொடெக்ட்’ இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது அந்த வேலைக்காக வந்தது அல்ல. நினைவகத்தில் எதையும் எழுதுவதற்கு முன் கீபோர்டின் மென்பொருள் ஒரு குறியைப் பார்க்கும். புரொடெக்ட் ‘ஆன்’ என்றிருந்தால் எழுதாது. அவ்வளவுதான். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் கீபோர்டிலேயே இது உண்டு. அவசரத்தில் தப்பான பொத்தானை அழுத்தி நல்ல டோனை அழித்துவிடாமல் இருக்க உதவும். ஆனால் படிப்பதையோ நகலெடுப்பதையோ அது தடுக்காது. அதை ‘ஆஃப்’ செய்யவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டும் இப்படித்தான். அந்தத் துண்டு எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பது கார்டுக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்குத் தெரியவே தெரியாது. கார்டைச் செருகும் கருவி அதைப் பார்த்து மதித்து நடந்தால்தான் உண்டு.

இசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி என்ற முறையைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1983-இல் வெளியான மிடி முறையில் கேபிள் வழியாக விநாடிக்கு 31,250 பிட் போகும். எந்த நோட்டை எவ்வளவு அழுத்தி வாசித்தோம் என்பதோடு, ‘சிஸ்டம் எக்ஸ்குளூசிவ்’ என்ற வகைச் செய்தியும் அதில் உண்டு. 240 என்ற எண்ணில் தொடங்கி 247-இல் முடியும் இந்தச் செய்தியில், தொடங்கியவுடன் தயாரிப்பாளரின் எண் வரும்: ரோலண்டுக்கு 65, கோர்குக்கு 66, யமஹாவுக்கு 67. அதற்குப் பிறகு வருவது அந்தக் கருவிக்கே உரிய தரவு. டிஎக்ஸ்7-இன் 32 டோன்களும் சேர்ந்து 4,096 பைட்; முன்னும் பின்னும் வரும் குறிகளையும் சேர்த்தால் மொத்தம் 4,104. மிடியில் ஒரு பைட் போக 320 மைக்ரோவிநாடி ஆகும் என்பதால், முழு நினைவகமும் சுமார் 1.3 விநாடியில் கேபிள் வழியாக வெளியே வந்துவிடும். இந்தப் பரிமாற்றத்தில் எங்கும் பாஸ்வேர்ட் கிடையாது, ‘நீ யார்’ என்ற கேள்வியும் கிடையாது. ஒரே மேடையில் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கத்தான் மிடி பிறந்தது. திருடனை நினைத்து யாரும் அதை வடிவமைக்கவில்லை.

அந்த 4,104 பைட்டில் ஒரே ஒரு பைட் மட்டும் காவல் வேலை பார்க்கிறது. அதற்கு செக்சம் என்று பெயர். 4,096 எண்களையும் கூட்டி, 128-ஆல் வகுத்து, மீதியை 128 ஆக்க இன்னும் எவ்வளவு வேண்டுமோ அந்த எண்ணைக் கடைசியில் சேர்த்து அனுப்புவார்கள். வாங்கும் கருவி எல்லாவற்றையும் மறுபடி கூட்டிப் பார்க்கும். மீதி பூஜ்யம் வந்தால் சரி, இல்லாவிட்டால் பிழை. கேபிள் தளர்ந்து ஒரு பைட் கெட்டுப்போனால் இது பிடித்துவிடும்.

வேண்டுமென்றே மாற்றுகிறவரை இது பிடிக்காது. டிஎக்ஸ்7-இல் ஒவ்வொரு டோனும் ஆறு ஆபரேட்டர்களால், அதாவது ஒலி அலையை உருவாக்கும் ஆறு பகுதிகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 99 வரை ஓர் ஒலி அளவு உண்டு. ஒரு ஆபரேட்டரின் அளவை 99-லிருந்து 89 ஆகக் குறைத்து, இன்னொன்றை 60-லிருந்து 70 ஆக ஏற்றுங்கள். கேட்கும்போது டோனின் குணமே மாறியிருக்கும், ஆனால் கூட்டுத்தொகை மாறாது, செக்சமும் மாறாது. பில்லில் ஒரு பொருளின் விலையைக் குறைத்து இன்னொன்றில் ஏற்றிவிட்டு, மொத்தத்தை மட்டும் சரிபார்ப்பது போலத்தான் இது. போதாததற்கு, இப்படி ஈடுகட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. செக்சம் போடும் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. மாற்றுகிறவர் புதிதாக ஒன்றைக் கணக்கிட்டு எழுதிவிட்டால் போச்சு.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு விஷயம் வேண்டும். முதலாவது, ஈடுகட்ட முடியாத ஒரு கணக்கு. எஸ்.எச்.ஏ-256 போன்ற ஹாஷ் அப்படிப்பட்டது. எவ்வளவு பெரிய ஃபைலைக் கொடுத்தாலும் 256 பிட் விடை தரும். எழுதினால் 64 எழுத்து. ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதி பிட்கள் புரண்டுவிடும். அதே விடை வரும்படி வேறொரு ஃபைலைத் தயாரிக்க இதுவரை யாருக்கும் வழி தெரியவில்லை. இரண்டாவது, ஒரு ரகசியம். ஹாஷையும் யார் வேண்டுமானாலும் மறுபடி கணக்கிடலாம் என்பதால், ஒரு ரகசியச் சாவியைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும், அல்லது ஹாஷின் மேல் மின்னொப்பம் போட வேண்டும். மின்னொப்பத்தில் ஒப்பம் போடும் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் சாவியை ஊருக்கே கொடுக்கலாம். கீபோர்டை இயக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது சில கருவிகள் இதைத்தான் செய்கின்றன. தயாரிப்பாளரின் சரிபார்க்கும் சாவி (பொதுச்சாவி) மாற்ற முடியாதபடி சிப்பிலேயே பதிந்திருக்கும்; ஒப்பம் பொருந்தாத மென்பொருளை அது ஏற்காது. இது இல்லையென்றால் மற்ற பூட்டுகளுக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் மென்பொருளை மாற்றுகிறவர் பூட்டைப் பார்க்கும் வரியையே எடுத்துவிடலாம்.

இதுவரை சொன்னது மாற்றுவதைக் கண்டுபிடிக்க. திருட்டைத் தடுப்பது இதைவிடக் கஷ்டம். ஃபைலை மறையாக்கம் செய்தால் சாவி இல்லாதவருக்கு அது வெறும் குப்பை. ஆனால் அந்த டோனை வாசிக்க வேண்டிய கீபோர்டே அதைத் திறந்து படித்தாக வேண்டும், ஆகவே சாவியும் கீபோர்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். விலைக்கு வாங்கும் டோன் தொகுப்புகளை அந்த ஒரு கருவியின் அடையாள எண்ணோடு பிணைத்துக் கொடுப்பது இந்த வழியில்தான். இன்னொரு கீபோர்டில் போட்டால் திறக்காது. சிப்பைக் கழற்றிச் சாவியை உருவ முடியாதபடி பல மைக்ரோகன்ட்ரோலர்களில் (கருவியை இயக்கும் சிறு சிப்கள்) உள்ளே இருப்பதைப் படிக்க விடாத தடை உண்டு. சிலவற்றில் அந்தத் தடையை நீக்க முயன்றால் உள்ளே இருப்பது முழுவதும் அழிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் விற்பவரின் சரக்குக்குத்தான் கிடைக்கிறது; வாசிப்பவர் தானே உருவாக்கியது பக்கத்திலேயே திறந்த ஃபைலாகக் கிடக்கிறது. பயனர் தரவுக்கும் ஒரு பின் நம்பர் வைக்கும் வசதியைத் தயாரிப்பாளர்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. சிப்பின் திறன் அதற்குத் தடை இல்லை.

அதுவரை இந்தப் பாதுகாப்பு வேலையைக் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. கீபோர்டிலிருந்து முழு பேக்கப் எடுத்து, மறையாக்கம் செய்த டிரைவில் வைத்து, அதன் ஹாஷை வேறோர் இடத்தில் குறித்து வையுங்கள். ஹாஷை அதே பென் டிரைவில் வைத்தால் பயனில்லை. ஃபைலை மாற்றுகிறவர் அதையும் மாற்றிவிடுவார். இன்னொரு விஷயம், கீபோர்டில் ஒரு பாட்டைத் திறந்து எதையும் தொடாமல் மறுபடி சேமித்தாலே ஹாஷ் மாறிவிடலாம். சேமிக்கும்போது கருவி சில தகவல்களைப் புதிதாக எழுதுவதுண்டு. அதனால் மாறிய ஹாஷைப் பார்த்ததும் பதற வேண்டாம். பேக்கப் எடுத்த மூல ஃபைலைத்தான் சரிபார்க்க வேண்டும். கச்சேரிக்கு எடுத்துப் போகும் பென் டிரைவில் அன்றைக்குத் தேவையான பாட்டுகள் மட்டும் இருக்கட்டும். கண்ட கம்ப்யூட்டரிலும் அதைச் செருகாதீர்கள். கம்ப்யூட்டர் வைரஸ் பொதுவாகக் கீபோர்டுக்குள் ஓடாது, ஆனால் பென் டிரைவில் இருக்கும் ஃபைல்களை மறைத்துவிடலாம், அழித்தும்விடலாம்.

கீபோர்டை விற்கும்போதோ சர்வீஸுக்குக் கொடுக்கும்போதோதான் தரவு அதிகமாகக் கைமாறுகிறது. 1980-களின் பல கருவிகளில் நினைவகத்தை உயிரோடு வைத்திருந்தது ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. அதைக் கழற்றினால் டோன்கள் போய்விடும். இன்றைய ஃபிளாஷ் நினைவகத்துக்கு மின்சாரமே தேவையில்லை. ஃபைலை ‘டெலிட்’ செய்தால் பெரும்பாலும் பட்டியலிலிருந்து பெயர்தான் நீங்கும். வேறொன்று அதன் மேல் எழுதப்படும்வரை தரவு அங்கேயே இருக்கும், மீட்கவும் முடியும். ஆகவே முதலில் பேக்கப், அப்புறம் ஃபேக்டரி ரீசெட். உள் நினைவகத்தை ஃபார்மேட் செய்யும் வசதி மெனுவில் தனியாக இருந்தால் அதையும் செய்துவிடுங்கள். எஸ்டி கார்டையும் பென் டிரைவையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் உள்ள மாடலாக இருந்தால், இணைத்து வைத்த ஃபோனின் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள்.