கார்ட்டா மரினா: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பழைய நிலப்படங்களைப் பற்றிப் படிப்பவர்கள் கண்ணில் எப்படியும் ஒருநாள் ‘கார்ட்டா மரினா’ என்ற பெயர் பட்டுவிடும். இரண்டும் லத்தீன் சொற்கள். மரினா என்றால் கடல் சார்ந்தது, அவ்வளவுதான். கார்ட்டாவுக்குத்தான் கதை நீளம். பப்பைரஸ் தாளைக் குறித்த ‘கார்ட்டேஸ்’ என்ற கிரேக்கச் சொல் அதன் மூலம். முதலில் தாள், பிறகு தாளில் எழுதியது, அப்புறம் தாளில் வரைந்த படம் என்று பொருள் நகர்ந்துகொண்டே வந்தது. போர்ச்சுக்கீசியர் வழியாக நமக்கு வந்த ‘கடுதாசி’யும் இதே வேரில் முளைத்ததுதான்.

சரி, அப்படியானால் ‘கடல் வரைபடம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே? போதாது. ஜெர்மன் நிலப்பட வரைஞர் வால்ட்சேமுல்லர் 1516-இல் வெளியிட்ட படத்துக்கும் இதே பெயர். இன்று பெரும்பாலும் இந்தப் பெயரால் குறிக்கப்படுவது, மதச் சீர்திருத்தத்தால் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் போன ஸ்வீடன் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார் ஓலாஸ் மாக்னுஸ் 1539-இல் வெனிஸில் அச்சிட்ட படம். ஒன்பது மரக்கட்டை அச்சுகள், சேர்த்து வைத்தால் ஏறக்குறைய 1.7 மீட்டர் அகலம். அதன் முழுத் தலைப்பு ‘கடல் வரைபடமும் வடநாடுகளின் விவரிப்பும்’ என்று தொடங்குகிறது. அங்கே வடக்கைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘செப்டென்ட்ரியோ’, அதாவது ஏழு உழவு மாடுகள். வட வானில் தெரியும் ஏழு விண்மீன்களை ரோமானியர் அப்படித்தான் பார்த்தார்கள். நற்றிணை ‘எழுமீன்’ என்பதும் அதே ஏழைத்தான்!

படத்தை நெருங்கிப் பார்த்தால் தலைப்பின் இரண்டாம் பாதியான ‘வடநாடுகளின் விவரிப்பு’ ஏன் முக்கியம் என்று தெரியும். நார்வே கரையோரம் ஒரு பெரும்பாம்பு கப்பலை வளைத்துப் பிடித்திருக்கிறது, திமிங்கிலத்தின் முதுகைத் தீவு என்று நம்பிய மாலுமிகள் அதன்மேல் தீ மூட்டுகிறார்கள்; எல்லோரும் பேசுவது இவற்றைத்தான். ஆனால் நிலத்தில் கலைமான்கள், பனிச்சறுக்குக் கட்டைகளில் போகும் மனிதர்கள், உறைந்துபோன பால்டிக் கடலின் மேலேயே பயணம் செய்பவர்கள் என்று ஒரு முழு வாழ்க்கையே வரையப்பட்டிருக்கிறது, அதையெல்லாம் ‘கடல்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைப்பது நியாயமில்லை.

அதனால் என் பரிந்துரை ‘வடபுலக் கடல்நிலப் படம்’. வடபுலம் என்பது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல சொல். கட்டுரைகளில் முதல்முறை மட்டும் ‘கார்ட்டா மரினா’ என்ற பெயரையும் சேர்த்து எழுதுங்கள், தேடுபவர்களுக்கு அது வேண்டும்.