கான்ட்ராக்டர் என்றால் துப்பாக்கி தெரிவதில்லை

'பிரைவேட் செக்யூரிட்டி கான்ட்ராக்டர்' என்பதைச் செய்திகளில் 'தனியார் பாதுகாப்பு ஒப்பந்ததாரர்' என்று எழுதுகிறோம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் நமக்கு ஒப்பந்ததாரர் என்றால் ரோடு போடுபவர். செக்யூரிட்டி என்றால் ஏ.டி.எம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர். கவச வண்டியில் இயந்திரத் துப்பாக்கியோடு போகிற ஆள் இந்தச் சொல்லில் கண்ணுக்கே படமாட்டார்.

2007 செப்டம்பர் 16, பாக்தாத்தின் நிசூர் சதுக்கம். அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு வேலை பார்த்த பிளாக்வாட்டர் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்து ஆட்கள் நடுச்சாலையில் வண்டிகள் மீது சுட்டார்கள். ஒரு வெள்ளை கியா காரில் மருத்துவ மாணவர் ஒருவரும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். இருவருமே இறந்துபோனார்கள். இராக் அரசின் கணக்குப்படி அன்று மட்டும் 17 உயிர்கள். சுட்டவர்களை இராக் நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. 2004இல் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் போட்ட ஆணை வெளிநாட்டு ஒப்பந்த ஆட்களுக்கு அந்நாட்டுச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்திருந்தது. 2014இல் அமெரிக்க நீதிமன்றம் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார்.

சரி, சொல்லுக்கு வருவோம். காசுக்குப் போரிடுபவரைச் சொல்லும் 'மெர்சினரி', லத்தீனில் கூலியைக் குறிக்கும் 'மெர்செஸ்' என்பதிலிருந்து வந்தது. 'சோல்ஜர்' கூட 'சாலிடஸ்' என்ற ரோமானியப் பொற்காசின் வழியில் வந்த சொல்தான். இரண்டிலும் காசு உண்டு. 'கான்ட்ராக்டர்' என்பதிலோ காசும் தெரியவில்லை, போரும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட தாள் மட்டும்தான் தெரிகிறது.

தமிழில் 'கூலிப்படை' பழைய சொல். 762ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் ஆறு வகைப் படைகளைச் சொல்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. அங்கே அது வசைச்சொல் இல்லை, படையில் ஒரு வகை. 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவர் சொல்லும்போது கூலிக்கு எவ்வளவு மதிப்பு! இன்றைய நாளிதழ்களில்தான் கூலிப்படை என்பது காசு வாங்கிக்கொண்டு அரிவாளோடு வரும் கும்பலாகச் சுருங்கிவிட்டது.

சட்டத்தில் நிலைமை வேறு. போர் விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்த்த முதலாவது கூடுதல் நெறிமுறை, ஆறு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தினால்தான் ஒருவரைக் கூலிப்படையாள் என்கிறது. போரிடும் நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. ஆகவே அமெரிக்கா நடத்தும் போரில் அமெரிக்கரும், ரஷ்யா நடத்தும் போரில் ரஷ்யரும் எவ்வளவு பணம் வாங்கினாலும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

அதற்காக எல்லாரையும் கூலிப்படை என்று எழுதிவிடவும் முடியாது. ஒப்பந்தத்தில் போனவர்களில் சமையல்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், துணி வெளுப்பவர்கள் ஏராளம். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவ்வளவுதான். கம்பெனியைக் குறிக்க எனக்குப் பிடித்த சொல் 'தனியார் படை நிறுவனம்'. 1984 முதல் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்த பிரித்தானிய கே.எம்.எஸ். நிறுவனத்துக்கும் இது பொருந்தும். ஆயுதத்தோடு காவல் நிற்பவர் 'ஒப்பந்த ஆயுதக் காவலர்'. உக்ரைனின் பக்முத் நகரில் முன்வரிசையில் நின்று போரிட்ட ரஷ்யாவின் வாக்னர் குழுவை, சட்டம் என்ன சொன்னாலும், கூலிப்படை என்றே எழுதுவேன்.

அப்புறம், நிசூர் சதுக்கத்துச் செய்தியின் தலைப்பை இப்படி எழுதலாம்: 'தனியார் படை நிறுவனத்தின் ஆயுதக் காவலர்கள் சுட்டு 17 பேர் பலி'.