பில் மெஷின் வாங்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள்: மலையகத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு

மலையக டவுன்களில் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டம் சீராக வருவதில்லை. ஹட்டனில் ரயில் வந்து நின்றால் ஒரு கூட்டம், தோட்டத்தில் சம்பளம் போட்ட நாளில் ஒரு கூட்டம், ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகிறவர்கள் வேன் வேனாக வந்து இறங்கினால் இன்னொன்று. மற்ற நேரத்தில் பாதி மேசை சும்மா கிடக்கும். அந்த நெரிசலில்தான் ஓடர் மாறுகிறது, பில் பிந்துகிறது, பொறுத்துப் பார்த்தவர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். உடனே முதலாளிக்கு ஒரு பில் மெஷின் போட்டால் எல்லாம் சரியாகும் என்று தோன்றுகிறது. மெஷின் வந்த பிறகும் தட்டு அதே தாமதத்தோடுதான் மேசைக்கு வருகிறது. தாமதம் பில்லில் இருக்கவே இல்லை. அது எங்கே இருந்தது என்று யாரும் பார்க்கவும் இல்லை.

பார்ப்பதற்கு ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு கொப்பியும் போதும். நெரிசலான இரண்டு நாட்களில், ஒவ்வொரு மேசைக்கும் நான்கு நேரங்களைக் குறியுங்கள்: ஆள் உட்கார்ந்த நேரம், ஓடர் எடுத்த நேரம், தட்டு வந்த நேரம், காசு கட்டி எழுந்த நேரம். முப்பது மேசை எழுதினால் உங்கள் கடையின் நோய் தெரிந்துவிடும். முதல் இரண்டுக்கும் நடுவே நேரம் போனால் மெனு குழப்பமாக இருக்கிறது, அல்லது ஆள் போதவில்லை. நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே போனால் செய்தி குசினிக்குச் சரியாகப் போகவில்லை. கடைசியில் போனால்தான் பில்லும் மிச்சக் காசும் பிரச்சினை. எங்கே நேரம் அதிகம் போகிறதோ அங்கே மட்டும் முதலில் காசைப் போடுங்கள்.

சின்னக் கடைகளில் பெரும்பாலும் சிக்குவது இரண்டாவது இடத்தில்தான். வெயிட்டர் குசினி வாசலில் நின்று, "ரெண்டு முட்டைக் கொத்து, ஒண்ணு உறைப்புக் குறைச்சு" என்று கத்துகிறார். உள்ளே கொத்துக் கல்லின் சத்தத்தில் பாதிதான் கேட்கிறது. இதற்கு முதல் மருந்து கார்பன் வைத்த இரட்டைப் பிரதிக் கொப்பி. ஒன்று குசினியில் கம்பியில் குத்தப்படும், மற்றது கெஷியரிடம் போகும். அதோடு மெனுவில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள்: ரொட்டி வகைக்கு 10 முதல், கொத்துக்கு 20 முதல், சோற்றுக்கு 30 முதல். மெனுவைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்டாலும் இலக்கம் ஒன்றுதான். எல்லவுக்குப் போகும் வெளிநாட்டவர் விரலால் 23ஐத் தொட்டால் போதும். எடுத்தவருக்குச் சிங்களம், சமைப்பவருக்குத் தமிழ் என்றாலும் ஓடர் மாறாது. இந்த இலக்கப் பழக்கம் வராமல் போனில் ஓடர் எடுக்கும் எந்தச் செயலியையும் போடாதீர்கள். போனில் தவறாகத் தட்டுவது காகிதத்தில் தவறாக எழுதுவதைவிட வேகமாக நடக்கும்.

குசினிக்குப் போகும் துண்டு

காகிதம் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு ஓடரைப் போனுக்கு மாற்றலாம். தேவையானவை அதிகமில்லை: ஓடர் எடுக்க ஒன்றிரண்டு ஆண்ட்ராய்டு போன், கெஷியரிடம் ஒரு டேப்லெட், ஒரு ரவுட்டர், குசினியில் ஒரு பிரின்டர். பிரின்டரில்தான் பலர் வழுக்குகிறார்கள். 58 மில்லிமீற்றர் புளூடூத் பிரின்டர் மலிவு என்று வாங்குவார்கள். அது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் சேரும்; நடுவில் ஒரு கல் சுவர் வந்தாலே துண்டித்துக்கொள்ளும். குசினிக்கு 80 மில்லிமீற்றர் பிரின்டரை, ரவுட்டரிலிருந்து லேன் வயர் இழுத்து மாட்டுங்கள். துண்டு வந்ததும் சத்தம் போடுகிற மணி உள்ளதாகப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண பில் தாள் வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாள். கொத்துக் கல்லுக்குப் பக்கத்தில் மாட்டினால் துண்டு முழுக்கக் கறுத்துவிடும். அடுப்பிலிருந்து இடம் தள்ளி மாட்ட முடியாத குசினிக்கு, ரிப்பனில் அடிக்கும் 76 மில்லிமீற்றர் பிரின்டரே ஏற்றது. சாதாரணத் தாள், எண்ணெய் பட்டாலும் எழுத்து நிற்கும். வெளியே உள்ள பில் பிரின்டருக்கு எதிரி ஈரம். நுவரெலியா, தலவாக்கலை மூடுபனியில் திறந்து வைத்த தாள் சுருள் ஊதிச் சிக்கும். சுருள்களை மூடி இறுக்கிய டப்பாவில் வையுங்கள். எழுத்து நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தால் பிரின்டர் தலையை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகும்.

தமிழில் துண்டு வேண்டுமென்றால் வாங்குமுன்பே அடித்துப் பாருங்கள். இந்தப் பிரின்டர்களில் பொதுவாகத் தமிழ் எழுத்து இருப்பதில்லை. செயலி எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் வரும். இல்லாவிட்டால் கேள்விக்குறியும் கட்டமுமாக வரும். ஆங்கிலத்தில் வந்தால் போதும் என்று விற்பவர் சொல்வார். அந்தத் துண்டைப் படிக்கப்போவது அவரல்ல, கல்லுக்கு முன்னால் நிற்பவர்.

கரண்ட் போய் வந்ததும் "பிரின்டர் செத்துப்போச்சு" என்று பதறுவார்கள். பெரும்பாலும் பிரின்டர் சாகவில்லை. ரவுட்டர் மறுபடி எழும்பும்போது பிரின்டருக்கு வேறு முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் இலக்கம், கொடுத்துவிடுகிறது, செயலியோ பழைய முகவரியிலேயே தேடுகிறது. ரவுட்டர் அமைப்பில் அந்தப் பிரின்டருக்கென ஒரு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது. பொருத்த வருகிறவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள், முகவரியைப் பிரின்டரின் அடியில் எழுதி ஒட்டுங்கள். ரவுட்டரைக் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னாலோ மைக்ரோவேவுக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். மைக்ரோவேவும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. ரோல்ஸ் சூடாகும் நேரமெல்லாம் ஓடர் தடுமாறும்.

கரண்டும் சிக்னலும்

கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடவைக்கும் 650 விஏ யூபிஎஸ் ஒன்று ரவுட்டர், டேப்லெட், பில் பிரின்டர் மூன்றையும் தாங்கும். அதில் கேத்தலையோ குளிர்சாதனப் பெட்டியையோ தப்பியும் செருகக்கூடாது. மாதத்துக்கு ஒருதரம் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள். பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும். ரவுட்டருக்கு மட்டும் தனியாகச் சின்ன டீசி யூபிஎஸ் வாங்கினால், ரவுட்டர் அடாப்டரில் எழுதியுள்ள வோல்டேஜைப் பார்த்து வாங்குங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி மின்னல் கடுமையாக இருக்கும். கரண்ட் வயரை மட்டும் கழற்றினால் போதாது. தொலைபேசி வயர் வழியாகவும் மின்னல் வரும், அதையும் கழற்றுங்கள்.

செயலி வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை எளிது. போனை விமான நிலையில் (ஏரோப்ளேன் மோட்) போட்டு, மூன்று ஓடர் பதிந்து, பில் சேமித்து, செயலியை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். மூன்றும் இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். மலை மறைக்கும் ஊரில் இணையம் இருந்தால்தான் ஓடும் செயலி உதவாது. இணையத்துக்கும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள். உங்கள் கடை நிற்கும் சரிவில் எது பிடிக்கிறது என்பதைக் கடைக்குள்ளேயே நின்று பார்த்து எடுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதானால் விருந்தினர் வலையமைப்பைத் தனியாகத் திறந்து கொடுங்கள். பில் ஓடும் வலையில் ஊரார் போன்களை விடக்கூடாது.

காசு வாங்குவது

2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற காலத்திலேயே கியூஆர் எல்லோருக்கும் பழகிவிட்டது. மத்திய வங்கி 2018இல் கொண்டுவந்த லங்காகியூஆர் ஸ்டிக்கர் ஒன்று இருந்தால், அதில் சேர்ந்துள்ள எந்த வங்கியின் செயலியாலும் கட்டலாம். வங்கிக்கு ஒன்றாக மேசையில் ஸ்டிக்கர் அடுக்கத் தேவையில்லை. 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவில் போனால் காசு கட்டும் முறையான யூபிஐயும் இதில் இணைந்திருக்கிறது. சீதா எலிய கோவிலுக்கு வரும் இந்தியப் பயணிகள் ரூபாய் மாற்ற அலையாமல் உங்கள் கடையில் கட்டலாம். உங்கள் கணக்கில் அது திறந்திருக்கிறதா, கொமிஷன் எவ்வளவு, காசு எப்போது கணக்கில் விழும் என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒட்டிய ஸ்டிக்கரில் தொகையை வாடிக்கையாளரே தட்டுவதால் 1,250 என்பது 125 ஆகலாம். கெஷியர் தொகையைச் சத்தமாகச் சொல்லி வாங்கட்டும். அடுத்தது ஏமாற்று: "கட்டிட்டேன், பாருங்க" என்று காட்டும் படம் பழைய படமாகவோ போலியாகவோ இருக்கலாம். அவருடைய போனைப் பார்க்காதீர்கள், உங்கள் செயலியிலோ உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியிலோ பாருங்கள். காலையில் கடை திறந்ததும் ஸ்டிக்கர்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பதும் கெஷியரின் வேலைதான்.

மெனுவை கியூஆரில் மட்டும் வைப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. டேட்டா இல்லாதவர், கண் மங்கிய முதியவர், போன் சார்ஜ் தீர்ந்த பயணி ஆகியோருக்கு அட்டை மெனு வேண்டும். செயலி மெனுவில் உண்மையாகப் பயன்படும் பொத்தான் "முடிந்தது" என்பதுதான். இடியப்பம் தீர்ந்ததும் குசினியிலிருந்தே அதை அணைத்தால், இல்லாததை ஓடர் எடுத்துத் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கும் அலைச்சல் நின்றுவிடும். செவ்வாய், வெள்ளி, போயா நாட்களுக்குத் தனி மெனுவை முன்பே அமைத்து வையுங்கள். சம்பலில் மாசி சேர்ந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். மரக்கறிச் சாப்பாடு என்று நம்பி வந்தவருக்கு மாசிச் சம்பல் வைப்பது பெரிய துரோகம்.

பார்சலுக்கு வாட்ஸ்அப் பிஸ்னஸ் போதும், காசு கட்டி வேறொன்று வேண்டாம். "புது ஓடர்", "செய்கிறோம்", "ரெடி", "கொடுத்தாயிற்று" என்று நான்கு லேபிள், விலையும் எடுக்கும் நேரமும் சொல்லும் தயார்ப் பதில், கடை பூட்டிய பின் தானாகப் போகும் பதில். அந்தப் போனுக்கு ஒருவர் மட்டும் பொறுப்பு. வாட்ஸ்அப் ஓடரும் மேசை ஓடர் போகும் அதே துண்டு வழியாகவே குசினிக்குப் போக வேண்டும். வாயால் சொன்னால் பார்சல் எப்போதும் பிந்தும். வாடிக்கையாளர் இலக்கங்களை விளம்பரக் குழுவில் அவர்களைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைவிட அது மரியாதையும் இல்லை.

சூடும் சேவைதான். குளிரில் தட்டு சீக்கிரம் ஆறிப்போகும், ஆகவே தட்டு ரெடியானதும் வெயிட்டரைக் கூப்பிட ஒரு வயர்லெஸ் மணி வையுங்கள், விலை சொற்பம். கறி 60 பாகை செல்சியஸுக்கு மேலும் குளிர்பெட்டி 5க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அதைக் கொதிநீரில் சோதித்து 100 காட்டவில்லை என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். இடித்த ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் வைத்துப் பாருங்கள். 0 காட்டினால் வெப்பமானி சரி.

புது முறைக்கு மாறும்போது ஒரு வாரம் காகிதமும் போனும் சேர்ந்தே ஓடட்டும். பழகக் கொடுப்பது மத்தியானக் கூட்டத்தில் அல்ல, காலை பத்து மணி ஓய்வில். ஒவ்வொருவருக்கும் தனி ரகசிய இலக்கம். பில்லை அழிக்கும் உரிமை கெஷியருக்கு மட்டும். இரவில் செயலியின் நாள் கணக்கையும் லாச்சிக் காசையும் ஒப்பிடுங்கள். பதிவான நேரங்களை வைத்து வெயிட்டரைத் திட்டத் தொடங்கினால், அடுத்த நாளே அவர்கள் ஓடரைப் பிந்திப் பதிவார்கள், உங்கள் கணக்கு பொய்யாகிவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அடித்தபோது மலையகத்தில் வீதி, கரண்ட், சிக்னல் எல்லாம் ஒன்றாக விழுந்தன. ஆகவே கெஷியர் மேசைக்குக் கீழே ஒரு பெட்டி எப்போதும் இருக்கட்டும்: இரண்டு இரட்டைப் பிரதிக் கொப்பி, பேனை, கல்குலேட்டர், இலக்கத்தோடு அச்சிட்ட விலைப்பட்டியல், டோர்ச், சில்லறை. விலை மாறிய அன்றே பட்டியலையும் மாற்றி வையுங்கள். கரண்ட் வந்ததும் அந்தக் கொப்பித் துண்டுகளை அன்றிரவே செயலியில் ஏற்றிவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளினால் கணக்கு ஒட்டாது.