சேற்றுக்குள் ஒரு துருப் பூட்டு

டர்பன் அருகே உள்ள வெருலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆற்றை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற செடி, விட்டுவிடுங்கள் என்கிறார் ஒருவர். வளர்ப்பதே குற்றம் என்கிறார் இன்னொருவர். கோயில் பின்புறத் தொட்டியில் நாலு செடி விடலாம் என்றிருந்தோம். விடலாமா, கூடாதா?"

விடக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் 2004 பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் இந்தச் செடி '1பி' வகை. வைத்திருப்பது, வளர்ப்பது, விற்பது, இடம் மாற்றுவது எல்லாமே தடை. யார் நிலத்தில் இருக்கிறதோ அவர்தான் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். தொட்டிக் கதை அதோடு முடிந்தது. ஆனால் "சுத்தம் செய்கிற செடி" என்ற பேச்சை அப்படித் தள்ளிவிட முடியாது. அதில் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் பெயர். ஊரில் சிலர் வெங்காயத்தாமரை என்பார்கள், இலைக்காம்பு வெங்காயம் போல உப்பியிருப்பதால். அந்த உப்பலுக்குள் காற்றறைகள், அதனால்தான் மிதக்கிறது. பூர்வீகம் அமேசான் படுகை. தாமரைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, பெயர் மட்டும் வாங்கித் தந்த மரியாதை. ஊதாப் பூவைப் பார்த்துவிட்டுச் சாமிக்கு ஆகும் என்று வீட்டுக்கு எடுத்து வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல நீர்நிலைகளுக்கு இது போய்ச் சேர்ந்ததே அழகுச்செடியாகத்தான்.

இது சத்தை உறிஞ்சுவது நிஜம். கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் இதற்குச் சாப்பாடு. கோடையில் சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரத்துக்குள் பரப்பு இரட்டிக்கும். தைப்பூசக் காவடிக்கு ஆற்றங்கரைக்குப் போகிற ஜனவரி, பிப்ரவரியில் டர்பனில் உச்சக் கோடை. செடி பாய் விரித்துக் கிடப்பதும் அப்போதுதான்.

ஆனால் உறிஞ்சியது எங்கே போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சைச் செடி ஒரு டன் எடுத்தால் அதில் 950 கிலோ தண்ணீர். மீதி 50 கிலோ உலர் எடை. அதில் பாஸ்பரஸ் சுமார் 0.4 விழுக்காடு என்று வைத்தால் 200 கிராம். ஒரு மனிதர் கழிப்பறை வழியாக ஆண்டுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ பாஸ்பரஸ் அனுப்புகிறார். ஆக, ஒரே ஒருவர் கணக்கை நேர் செய்யவே வருஷத்துக்கு இரண்டரை டன் செடியை வாரிக் கரையேற்ற வேண்டும். பத்தாயிரம் பேர் உள்ள பேட்டைக்கு 25,000 டன். எத்தனை டிராக்டர், எத்தனை ஆள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அள்ளாமல் விட்டால்? சத்து செடிக்குள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறது, அவ்வளவே. செடி செத்தால் வட்டியோடு தண்ணீருக்குத் திரும்பும். அந்த வட்டியைத் தருவது ஆக்சிஜன் இல்லாத சேறு.

நீருக்குள் மூழ்கி வளரும் வேலம்பாசி போன்ற செடி, வெயிலில் உண்டாக்கும் ஆக்சிஜனை அப்படியே தண்ணீருக்குள் விடும். இலையோரம் குமிழ் கட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். (அதற்காக வேலம்பாசியைக் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள். ஜோசினி அணைக்கட்டில் அதுவும் வந்தேறிக் களைதான்.) ஆகாயத்தாமரையின் இலை இருப்பது காற்றில். அது தரும் ஆக்சிஜனும் காற்றுக்கே போகிறது. கீழே தண்ணீருக்கு வெளிச்சமும் இல்லை, அலையும் இல்லை, காற்றுப் படுகிற பரப்பும் இல்லை. இதன் நடுவே அழுகும் இலைகள் வேறு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைத்திருக்கக் கூடியது சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன். 50 கிலோ உலர் செடி முழுக்க மக்க, தோராயமாக அதே அளவு, 50 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதாவது ஒரு டன் பச்சைச் செடி அழுக, 6,000 கன மீட்டர் தண்ணீரின் மொத்த ஆக்சிஜன். இரண்டு ஒலிம்பிக் நீச்சல் குளங்களை வற்ற உறிஞ்சினாலும் போதாது. களைக்கொல்லியை ஒரே நாளில் முழுப் பரப்புக்கும் அடித்துவிட்டுப் பத்தாம் நாள் மீன் செத்து மிதக்கிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அடிப்பதென்றால் பட்டை பட்டையாக, இடைவெளி விட்டு அடிக்க வேண்டும்.

இனி சேற்றுக்கு வருவோம். இந்தக் கதையில் மிக அழகான வேலை நடப்பது அங்கேதான்.

எந்த ஆற்றுச் சேற்றிலும் இரும்பு உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை அந்த இரும்பு துருவாகவே கிடக்கும், கரையாத பழுப்புத் துகளாக. துருத்துகளின் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சைடு தொகுதிகள். பாஸ்பேட் அருகில் வந்தால் அவை இடம்விட்டு விலகும்; பாஸ்பேட் நேரே இரும்போடு ஒட்டிக்கொள்ளும். சேற்றின் மேல் சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பழுப்புத் தோல், அவ்வளவுதான் பூட்டு. அடியில் எவ்வளவு பாஸ்பரஸ் குவிந்து கிடந்தாலும் மேலே வரும் வழியில் இந்தத் தோல் பிடித்துக்கொள்ளும்.

இப்போது மேலே செடி மூடி, ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. சேற்றுப் பாக்டீரியா அதற்காகப் பட்டினி கிடக்காது. சாப்பாட்டை எரிக்க ஆக்சிஜன் இல்லையா, நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும். அதுவும் தீர்ந்ததா, மாங்கனீசு. அடுத்து இரும்பு. துருவிலுள்ள இரும்பின் மீது ஓர் எலக்ட்ரானைத் தள்ளிவிட்டுத் தன் மூச்சை ஓட்டிக்கொள்கிறது. எலக்ட்ரான் வாங்கிய இரும்பு கரையும் வகை. துரு கரைகிறது, அதில் ஒட்டியிருந்த பாஸ்பேட் பிடி நழுவி மேலே எழுகிறது. பூட்டை உடைக்கவே வேண்டாம், பூட்டே கரைந்துபோகிறது. பிரிட்டனின் ஏரிச் சேற்றில் இதை அளந்து 1941, 42இல் விரிவாக எழுதியவர் கிளிஃபோர்ட் மோர்ட்டிமர். நீரியல் படிக்கிறவர்கள் இன்னும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இரும்பும் தீர்ந்தால் சல்பேட். அப்போது வருவது அழுகிய முட்டை நாற்றம், ஹைட்ரஜன் சல்பைடு. இது கரைந்த இரும்போடு சேர்ந்து கறுப்பு இரும்பு சல்பைடாகப் படியும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிறகு ஆக்சிஜன் திரும்பி வந்தாலும், சல்பைடில் மாட்டிக்கொண்ட இரும்பு பழையபடி முழுதாகப் பூட்டு வேலைக்கு வராது. கறுத்துப்போன சேறு எளிதில் தேறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டின் தலையை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து செ.மீ. உயரத்துக்குக் குளத்துச் சேறு. ஒரு ராத்திரி திறந்துவைத்த குழாய்த் தண்ணீரைக் கரண்டி முதுகில் வழியவிட்டு, சேறு கலங்காமல் நிரப்புங்கள். ஒன்றை அப்படியே நிழலில் வையுங்கள். இன்னொன்றில் நறுக்கிய புல் ஒரு பிடி போட்டு, மேலே பாலித்தீனை இறுகக் கட்டுங்கள். (ஆகாயத்தாமரை வேண்டாம், எடுத்துப் போவது குற்றம் என்று இப்போதுதானே பார்த்தோம்.) ஒன்றிரண்டு வாரத்தில் முதல் பாட்டிலில் சேற்றின் மேல் பழுப்புத் தோல் தெரியும், அடியில் சாம்பல். இரண்டாவதில் தோல் மறைந்து மேல்வரை கறுத்திருக்கும். திறந்தால் மூக்கு சொல்லும். முதல் பாட்டிலிலும் தோல் வரவில்லை என்றால், சேற்றில் அழுகல் மிகுதி. மீன்தொட்டிக் காற்றுக் குழாய் ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கழிவுநீர் நிலையங்கள் பாஸ்பரசை எடுக்கக் கையாளும் வழிகளில் ஒன்றும் இதே இரும்புதான். ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் பாஸ்பேட் கசடாகப் படிந்துவிடும். கருவி கையில் இருக்கிறது, அளவுகோல்தான் தளர்ந்து கிடக்கிறது. இங்கே பொது வரம்பின்படி வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் பாஸ்பேட்-பாஸ்பரஸ் இருக்கலாம். குறிப்பிட்ட சில நீர்நிலைகளுக்கான சிறப்பு வரம்பு 1. நிலைநீரில் சராசரி 0.025ஐத் தாண்டினாலே பாசிக்குக் கொண்டாட்டம். நானூறு மடங்கு வித்தியாசத்தை ஆறு எப்படிச் செரிக்கும்? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சுற்றுவட்டாரக் கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்து கடற்கரைகளையே மூட வேண்டி வந்ததை நாம் பார்த்தோம். புண்ணிய நதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று கரையில் நின்று சொல்லும் பெரியவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, அந்த வேதியியலில் இல்லை. களை அள்ளும் படகு வாங்கப் பணம் கிடைக்கிறது, போட்டோவில் அழகாக வரும். கழிவுநீர் பம்பு பழுதுபார்க்கப் பணம் கிடைப்பதில்லை.

இந்தச் செடியைத் தின்ன விடும் பூச்சிகளைப் பற்றியும் கேட்பீர்கள். இந்நாட்டில் 1974இலேயே நியோகெட்டினா என்ற கூன்வண்டை விட்டார்கள். இலையில் சதுரமாகச் சுரண்டிய தழும்பு இருந்தால் அது வந்திருக்கிறது. புழு காம்பைக் குடைந்து குருத்துவரை போகும், காற்றறைக்குள் தண்ணீர் புகும். ஆனால் சத்து மிகுந்த நீரில் செடி புது இலை விடும் வேகத்துக்கு வண்டால் ஈடுகொடுக்க முடியவில்லை, அதுவும் குளிர் அடிக்கும் உயர்நிலத்தில். 2013 முதல் சாறுறிஞ்சும் தத்துப்பூச்சி ஒன்று, மெகாமெலஸ், மூன்று மில்லிமீட்டர் நீளம். ஜொகன்னஸ்பர்க்கின் கழிவு வந்து சேரும் ஹார்ட்பீஸ்பூர்ட் அணையில், ரோட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கரையோர வளர்ப்புக் கூடங்களில் பெருக்கி, அலை அலையாக விட்டார்கள். களை வெகுவாகச் சுருங்கியது. அருமையான வேலை, இன்னும் நிறையப் பணம் கொடுக்கலாம். சத்து மட்டும் தண்ணீரிலேயே நின்றது. காலியான இடத்தில் சால்வீனியா என்ற மிதக்கும் பெரணி வந்து குடியேறியது. அதற்கு வேறொரு கூன்வண்டு தேட வேண்டியதாயிற்று.

உங்கள் ஆற்றில் அள்ளுவதென்றால் முதலில் நகராட்சியிடம் சொல்லுங்கள். பூச்சி விட்ட இடமா என்று தெரியாமல் முழுக்க வாரினால் பூச்சியும் போய்விடும். வசந்தத் தொடக்கத்தில், செடி குறைவாக இருக்கும்போதே ஆரம்பியுங்கள். பூத்த பிறகு விதை சேற்றில் விழுந்துவிட்டால் பதினைந்து, இருபது ஆண்டுகூட உயிரோடிருக்கும். நீர் புகாத காலணி, நீளக் கையுறை கட்டாயம்: வேர்க் கற்றையில் நத்தைகள் ஒட்டியிருக்கும், குவாஸுலு-நேட்டால் ஆறுகளில் பில்ஹார்சியா பரப்புவது நத்தைதான். குவியலை வெள்ள மட்டத்துக்கு மேலே, அதே கரையில் போடுங்கள். வடியும் சாறு ஆற்றுக்குத் திரும்பக் கூடாது. தொழிற்சாலைக்குக் கீழே அள்ளியதென்றால் வேரில் ஈயமும் காட்மியமும் சேர்ந்திருக்கக்கூடும். அது மக்கி வரும் எருவைக் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள்.