கருவளையம்: க்ரீமா, ஃபில்லரா என்று கேட்பதற்கு முன்

கருவளையம் என்று வருபவர்களிடம் கைக்கண்ணாடியைக் கொடுத்து, ஜன்னலைப் பார்த்தபடி உட்காரச் சொல்வேன். வெளிச்சம் முகத்தில் நேராக விழும்போது கருமை பாதியாகக் குறைந்தால், அதில் பெரும்பகுதி கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் விழும் நிழல். உச்சியில் விளக்கு எரியும் லிஃப்டுக்குள் முகம் களைத்துத் தெரிவதும் இதனால்தான். அடுத்து, கீழ் இமைத் தோலை விரலால் லேசாக இழுத்துப் பார்ப்பேன். பழுப்பு அப்படியே தோலோடு நகர்ந்தால் நிறமி. ஊதாவோ நீலமோ இன்னும் எடுப்பாகத் தெரிந்தால், அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள். இமைத் தோலின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். உள்ளே இருப்பது வெளியே தெரியத்தான் செய்யும்.

பலருக்கு இவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்தே இருக்கும். அக்காவுக்குப் பலித்த க்ரீம் தங்கைக்குப் பலிக்காமல் போவது அதனால்தான்.

நிறமி என்றால் என் முதல் கேள்வி, கண்ணைத் தேய்க்கும் பழக்கம் உண்டா என்பது. "இல்லவே இல்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே புறங்கையால் கண்ணைக் கசக்குபவர்கள் உண்டு. அலர்ஜி, எக்ஸிமா, ஓயாத மூக்கடைப்பு இருந்தால் முதலில் அந்த அரிப்பை அடக்க வேண்டும். தேய்த்துக்கொண்டே இருந்தால் எந்தச் சிகிச்சையும் நிற்காது. கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்திருந்தால் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். கண்ணழுத்த நோயான க்ளாக்கோமாவுக்குப் போடும் சில சொட்டு மருந்துகளும் இமையைக் கறுக்க வைக்கும், கண்ணைச் சுற்றிய கொழுப்பைக் குறைத்துப் பள்ளமும் ஆக்கும். அதற்காகச் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிறமிக்குச் சன்ஸ்கிரீன், வைட்டமின் சி, அசெலாயிக் அமிலப் பூச்சுகள், தாங்கும் அளவுக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு) இவையே தொடக்கம். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். பரம்பரையாக வந்த கருமை குறையும்; ஆனால் முழுதாகப் போகும் என்று நான் சொல்வதில்லை. லேசரும், தோலின் மேலடுக்கை உரிக்கும் பீலும் உண்டு. ஆனால் மாநிறத் தோலில் வேகம் கூடினால் சூடு பட்ட இடம் முன்பைவிடக் கறுத்துவிடும். எனக்குக் கோபம் வருவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மாதக்கணக்கில் கண்ணோரம் பூசிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது. முதல் இரண்டு வாரம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். நாள்பட்டால் கண்ணழுத்தம் ஏறலாம், புரையும் விழலாம்.

ரத்தக்குழாய் வகைக்குப் பெரிதாக மாயம் எதுவும் இல்லை. தூக்கம், ரத்தசோகை இருந்தால் அதற்கு மருந்து, கஃபீன் கலந்த ஜெல்லால் சில மணி நேரத் தெளிவு. பிஆர்பி ஊசி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் செறிந்த திரவம்) சிலருக்கு ஓரளவு உதவுகிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

பள்ளத்துக்கு வருவோம். கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்தை நோக்கிச் சரிவாக இறங்கும் கோட்டில் தோல் எலும்போடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. வயதாக ஆக கன்னத்துக் கொழுப்பு வற்றும், எலும்பும் சற்றுத் தேயும், பள்ளம் ஆழமாகும். சிலருக்கு இருபது வயதிலேயே முக அமைப்பால் இருக்கும். எந்த க்ரீமும் இதை நிரப்பாது. ஹயலூரோனிக் அமில ஃபில்லரை, அதாவது பள்ளத்தை நிரப்ப ஊசியில் போடும் ஜெல்லை, எலும்பை ஒட்டி ஆழத்தில், மிகக் குறைந்த அளவில் வைப்பதே வழக்கமான வழி. ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த இடத்துக்கென்றே ஒரு ஃபில்லரை அங்கீகரித்தது 2022-இல்தான். அதிலிருந்தே எவ்வளவு நுணுக்கமான இடம் இது என்று புரிந்துகொள்ளலாம்.

காலையில் கண் வீங்கி எழுபவர்கள், பை போலத் தொங்குபவர்கள், தோல் தளர்ந்தவர்கள் ஃபில்லர் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஜெல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், வீக்கம் கூடிப்போகும். தோலுக்கு மிக அருகில் வைத்துவிட்டால் நீலச்சாயல் தெரியும். கருமையைப் போக்க வந்தவருக்குப் புதிதாக ஒரு நிறம்!

இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். பயப்பட வேண்டியது ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போவதற்குத்தான். அங்குள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனிகளோடு இணைந்தவை. அரிதுதான், ஆனால் பார்வையே போயிருக்கிறது. ஊசி போடும்போதோ பிறகோ கடுமையான வலி, தோல் வெளுத்தல், வலைபோல் ஊதாத் திட்டு, பார்வை மங்கல் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் மருந்து கையிருப்பில் உள்ளதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊசி போடுபவர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். அழகு நிலையத்தில், மருத்துவர் அல்லாதவர் கையால் இதைப் போட்டுக்கொள்வது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

பை தொங்குபவர்களுக்கு அறுவை சிகிச்சையே நேர்வழி. இமையின் உட்புறமாகவே திறந்து, பிதுங்கும் கொழுப்பை எடுத்தோ பள்ளத்துக்கு நகர்த்தியோ வைக்கலாம். வெளியே தழும்பு தெரியாது. தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ எடுத்த சொந்தக் கொழுப்பை நிரப்புவதும் உண்டு. ஆனால் அது கட்டிகட்டியாக நின்றுவிட்டால் ஃபில்லரைப் போல ஊசி போட்டுக் கரைக்க முடியாது. இதைக் கேட்ட பிறகு முடிவு எடுங்கள்.